அஜாக்கிரதை யாருடையது?

தமிழ்நாட்டின் எந்தக் காவல் நிலையத்திலும் சாலை விபத்து வழக்கொன்றின் முதல் தகவல் அறிக்கையை எடுத்து வாசித்தால், ஒரு தொடர் பெரும்பாலும் அதில் இருக்கும்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்’. சாத்தூரானாலும் சங்கரன்கோவிலானாலும் தொடர் மாறுவதில்லை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 279ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவாகியிருக்கும் குற்றத்தின் தமிழ் வடிவம் அது. எழுதுபவரின் கைக்குப் பழகிப்போன தொடர். வாசிப்பவரின் கண் நிற்காமல் கடந்துபோகும் தொடர். சொற்களின் மீது அக்கறை கொண்டவர்கள் என்ற முறையில் நாம் அங்கே சற்று நின்று பார்க்கலாம்.

ஜாக்கிரதை என்றால் விழிப்பு. அஜாக்கிரதை என்றால் விழிப்பின்மை. அதிவேகம் ஊர்தியைப் பற்றிய செய்தி. அஜாக்கிரதை ஓட்டியவரின் மனத்தைப் பற்றிய செய்தி. முன்னதற்குச் சாலையில் தடம் இருக்கும். பின்னதற்குத் தடம் கிடையாது. மோதுவதற்கு முந்தைய மூன்று விநாடிகளில் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், எந்தத் திரையில் எந்தப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார் என்பவையெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்துவிடுகின்றன. புதைத்தபின் அதன் மேல் ஒருவருடைய பெயர் மட்டும் எழுதப்படுகிறது. அது ஓட்டுநரின் பெயர்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான்: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். காரணப் பட்டியலில் மிகை வேகத்திற்குப் பத்தில் ஏழு பங்குக்கும் சற்று அதிகமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. செல்பேசிக்கு இரண்டு விழுக்காட்டளவே. இந்த இரண்டு விழுக்காட்டை நாம் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. ‘திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்று எந்த ஓட்டுநரும் தாமாக வாக்குமூலம் தரமாட்டார். இறந்துபோனவரால் தரவும் முடியாது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நூறு கார்களில் கேமராக்களைப் பொருத்தி, ஓராண்டுக்கும் மேலாக அன்றாட ஓட்டத்தைப் பதிவுசெய்து, 2006இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு சித்திரத்தைத் தந்தது. பதிவான மோதல்களில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டில், மோதலுக்கு முந்தைய மூன்று விநாடிகளுக்குள் ஓட்டுநரின் கவனம் சாலையில் இல்லை. தூக்கக் கலக்கமும் அதில் அடக்கம். அந்த ஊர் வேறு, சாலை வேறு என்பது உண்மை. ஆனால் கேட்டு எழுதும் கணக்குக்கும் பார்த்து எழுதும் கணக்குக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை அது காட்டுகிறது.

காரில் கவனத்தைக் கலைக்கும் பொருள் புகுந்தது நேற்றல்ல. 1930களில் கார் வானொலி பரவத் தொடங்கியபோதே அதைத் தடை செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் குரல்கள் எழுந்தன. பிறகு ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது. இவை காதைக் கேட்டன. கண்ணை அதிகம் கேட்கவில்லை. திருகும் குமிழை விரல் தானே கண்டுகொள்ளும். தொடுதிரைக்கு அந்த இரக்கம் கிடையாது. வழவழப்பான கண்ணாடியில் குளிர்சாதனத்தின் அளவுக்கும் அடுத்த பாடலுக்கும் விரலுக்குத் தெரியும் வேறுபாடு ஏதுமில்லை. கண் போனால்தான் விரல் போகும். சுவீடனின் வி பிலேகாரே என்னும் கார் இதழ் 2022இல் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே நான்கு எளிய வேலைகளைச் செய்ய வேண்டும். பொத்தான்கள் மட்டுமே கொண்ட 2005ஆம் ஆண்டின் பழைய வோல்வோ ஒன்றில் அவை பத்து விநாடிகளில் முடிந்தன. தொடுதிரை கொண்ட புதிய கார்களுள் மிக மோசமானதில் ஏறத்தாழ நாற்பத்தைந்து விநாடிகள் பிடித்தன. அதற்குள் கார் 1,300 மீட்டருக்கும் மேல் ஓடிவிட்டது. பதினேழு ஆண்டு முன்னேற்றம் என்பது இந்த இடத்தில் பின்னேற்றமாகியிருக்கிறது.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நான்கு வழிச்சாலை விருதுநகரையும் சாத்தூரையும் தொட்டுச் செல்கிறது. அதிலிருந்து கிளைக்கும் சாலைகள் சிவகாசிக்கும் திருத்தங்கலுக்கும் வெம்பக்கோட்டைக்கும் கரிசலைக் கிழித்துக்கொண்டு ஓடுகின்றன. காலையில் கிராமங்களிலிருந்து பட்டாசு ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிவரும் வேன்கள், அச்சகங்களுக்குக் காகிதக் கட்டு கொண்டுபோகும் குட்டி யானைகள், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வட மாநிலங்களுக்குப் பட்டாசுப் பெட்டிகளைச் சுமந்து புறப்படும் லாரிகள் என்று எப்போதும் ஓட்டம். இடையிடையே கிடைக்கு ஓட்டிச் செல்லப்படும் ஆட்டு மந்தைகள். ஆடி வெள்ளிகளில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குச் சாலையோரமாக நடந்து போகும் பக்தர்கள். இந்த வேன்களிலும் லாரிகளிலும் நிறுவனம் பொருத்திய பெரிய திரை இருக்க வேண்டும் என்பதில்லை. முகப்பில் ஒட்டிய பிடிப்பானில் ஒரு செல்பேசி போதும்: அதுவே வரைபடம், அதுவே பாட்டுப் பெட்டி, அதுவே முதலாளியின் குரல். இரு சக்கர வாகனத்தில் அது கைப்பிடியில் நிற்கிறது. இல்லாவிட்டால் தலைக்கவசத்திற்கும் காதுக்கும் நடுவே செருகப்பட்டிருக்கிறது.

கையில் பிடிக்காவிட்டால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. சட்டமும் அதற்கு இடம் தருகிறது. 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்தது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதியோ, ஓட்டுநரின் ஒருமுகப்பாடு கெடாத வகையில் வழிகாட்டும் வரைபடத்திற்காக மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்றது. இரண்டிலும் சட்டத்தின் கண் கையின் மீதே இருக்கிறது. ஆனால் ஓட்டுவது கை மட்டுமன்று. யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவந்த சோதனைகள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன: செல்பேசியைக் கையில் பிடித்துப் பேசுபவருக்கும் பிடிக்காமல் பேசுபவருக்கும் ஓட்டும் திறன் குறைவதில் பெரிய வேறுபாடு இல்லை. கண் சாலையில் இருக்கும். கண்டது மனத்தில் பதியாது. அமெரிக்க மோட்டார் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக 2015இல் அவர்கள் செய்த ஆய்வில், குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் மனம் முழுமையாகச் சாலைக்குத் திரும்ப 27 விநாடிகள் வரை ஆகலாம் என்று கண்டனர். மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்று நிதானமாகவே ஓட்டுவதாக வைத்துக்கொண்டாலும் அது 450 மீட்டர். பேச்சு முடிந்துவிட்டது, கைகள் சக்கரத்தில் இருக்கின்றன, கண்கள் முன்னே இருக்கின்றன. ஆனாலும் அரைக் கிலோமீட்டர் அளவுக்கு அந்த வண்டியை முழு மனத்தோடு ஓட்டுவதற்கு ஆளில்லை.

பக்கத்து இருக்கைக்காரருடன் பேசுவது மட்டும் சரியா என்று உடனே கேட்கத் தோன்றும். அதையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரும் சாலையைப் பார்க்கிறார், எதிரே லாரி முந்தி வரும்போது தாமாகவே பேச்சை நிறுத்துகிறார், ‘பார்த்து’ என்கிறார். தொலைவில் இருப்பவருக்கு அந்த லாரி தெரியாது. நம் பேருந்துகளின் நடைமுறையை இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பது நல்லது. ஓட்டுநரிடம் பேச வேண்டியதை நடத்துநர் விசிலுக்குள் அடக்கிவிட்டார்: ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் புறப்படு. அதற்குக் கண் தேவையில்லை, பதில் தேவையில்லை, யோசனை தேவையில்லை. ஓட்டுபவருக்கு எவ்வளவு குறைவாகச் செய்தி அனுப்பலாம் என்று யோசித்த ஒரு காலத்தின் தொழில்நுட்பம் அது. இன்றைய தொழில்நுட்பம் எவ்வளவு அதிகமாக அனுப்பலாம் என்று யோசிக்கிறது.

நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்து தரும் சிவகாசி வட்டாரத்தை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சாலைகள் மட்டுமல்ல. கவனம் என்பதைப் பற்றி இந்த மண்ணுக்கு ஒரு தனி அறிவு உண்டு. விதிப்படி நடக்கும் ஒரு பட்டாசு ஆலையைக் கூர்ந்து பார்த்தால் அது விளங்கும். மருந்து கையாளும் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். இரும்புக் கருவி ஆகாது. கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும். மறுநாளைக்கு மிச்சம் வைக்கலாகாது. செல்பேசிக்கு உள்ளே இடமில்லை. இந்த விதிகளில் ஒன்றுகூட ‘கவனமாக இரு’ என்று சொல்லவில்லை என்பதே நாம் காண வேண்டியது. மனிதன் எப்போதாவது மறப்பான், அயர்வான், பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிப்பான் என்று முன்னதாகவே ஒப்புக்கொண்டு, அப்படி அயரும் கணத்தில் சேதம் சிறிதாக இருக்கட்டும் என்று அமைத்த ஏற்பாடு அது. கவனத்தை அது ஒரு நற்குணமாகக் கருதவில்லை. விரைவில் தீர்ந்துபோகும் சரக்காகக் கருதுகிறது.

ஊருக்குள் வந்தால் அச்சகங்களிலும் இதே அறிவு இருக்கிறது. நாட்காட்டித் தாள்களை அடுக்கி வெட்டும் நவீன கட்டிங் மெஷினில் கத்தி இறங்க வேண்டுமானால் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்த வேண்டும். ஒரு கை கத்திக்கடியில் இருக்கும்போது மற்றொரு கை வெட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். வேலை செய்பவரின் விழிப்பை நம்பி விரல்களைப் பணயம் வைக்க எந்திரம் செய்தவர் விரும்பவில்லை. அச்சகத்தில் இரண்டு கைகளையும் கேட்கும் எந்திரத்தோடு பகல் முழுவதும் இருந்துவிட்டு வெளியே வருபவர், சாலையில் ஒரு கையையும் ஒரு கண்ணையும் தன்பால் இழுத்துக்கொள்ளும் எந்திரத்தில் ஏறி வீட்டுக்குப் போகிறார். இதில் முரண் அவரிடம் இல்லை; அந்த இரண்டு எந்திரங்களையும் வடிவமைத்தவர்களுக்கு இடையே இருக்கிறது.

இந்தப் பகுதியை உயர்த்திப் பேசுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. விதிகள் காகிதத்தில் இருக்க, அறைகள் வெடித்த கதைகளும் இங்கேதான் நடந்திருக்கின்றன. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் வேடிக்கை பார்க்கவும் காப்பாற்றவும் ஓடிவந்த ஊர்மக்கள். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நாளிதழில் ஒரு வரி வரும்: மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வே காரணம். உராய்வு உண்மைதான். ஆனால் அறைக்குள் அளவுக்கு மேல் மருந்தும் ஆட்களும் எப்படி வந்தனர், அறையை உள்குத்தகைக்கு விட்டவர் யார், அவசரப்படுத்திய ஆர்டர் யாருடையது என்ற கேள்விகள் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மறைந்துகொள்கின்றன. ஆலையில் ‘உராய்வு’ செய்யும் வேலையைத்தான் சாலையில் ‘அஜாக்கிரதை’ செய்கிறது. இரண்டுமே கடைசியாகக் கை வைத்தவரைக் காட்டிவிட்டு, ஏற்பாட்டைக் கெடுத்தவரை விடுவிக்கும் சொற்கள்.

சாலையில் ஏற்பாட்டைக் கெடுப்பவர் யார்? தீபாவளிப் பருவத்தில் நிகழக்கூடிய ஓர் உரையாடலைக் கற்பனை செய்துகொள்வோம். ‘எங்கப்பா வந்துக்கிட்டிருக்க?’ ‘சாத்தூர் தாண்டிட்டேன் அண்ணாச்சி.’ கேட்டவர் லாரி புக்கிங் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிறார். பதில் சொன்னவர் பத்து டன் சுமையோடு நான்கு வழிச்சாலையில் இருக்கிறார். அழைப்பை எடுக்காவிட்டால் அடுத்த வாடகை வேறொருவருக்குப் போகும் என்பது ஓட்டுநருக்குத் தெரியும். அழைத்தவருக்கும் தெரியும். நாளை ஏதாவது நடந்தால் அறிக்கையில் வரப்போவது ஓட்டுநரின் அஜாக்கிரதை மட்டுமே. அந்த அழைப்பு சாட்சியாகக்கூட வராது. உணவுப் பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞரின் நிலையும் அதுவே. அடுத்த ஆணையும் போக வேண்டிய வழியும் கைப்பிடித் திரையிலேயே வருகின்றன. அதைப் பார்க்காமல் அவரால் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. பார்த்தால் குற்றம், பார்க்காவிட்டால் பிழைப்பில்லை என்று வைத்துவிட்டு, ‘எச்சரிக்கையாகச் செல்லுங்கள்’ என்று சாலையோரத்தில் பலகை நடுவதற்கு என்ன பொருள்?

அடுத்து, திரையை வடிவமைத்தவர். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013இல் கார் நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் தந்தது: ஒரு வேலைக்காகச் சாலையிலிருந்து கண்ணை எடுப்பது ஒரு தடவைக்கு இரண்டு விநாடிக்குள், மொத்தம் பன்னிரண்டு விநாடிக்குள் அடங்க வேண்டும். அது கட்டாயமில்லை, விரும்பினால் பின்பற்றலாம். நான்கு ஆண்டுகள் கழித்து, 2017இல், அந்த நாட்டின் மோட்டார் சங்க அறக்கட்டளை முப்பது புதிய கார்களைச் சோதித்தபோது, போகும் இடத்தைத் திரையில் பதிவதற்குச் சராசரியாக நாற்பது விநாடிகள் ஆயின. விரும்பினால் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பட்டாசு அறையில் ‘விரும்பினால் நான்கு பேர்’ என்று யாரும் விதி எழுதுவதில்லை.

எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பம் ஓட்டுநரின் பகையென்று சொல்வது பேதைமை. வழுக்காமல் நிறுத்தும் பிரேக்கும், காற்றுப்பையும், பின்னால் நிற்கும் குழந்தையைக் காட்டும் கேமராவும், தூக்கத்தில் வழித்தடம் மாறும்போது எச்சரிக்கும் கருவியும் உயிர் காப்பவை. வரைபடமும் அப்படித்தான், ஊர் தெரியாதவர் இரவில் வழி கேட்க ஒவ்வொரு சந்திப்பிலும் தடுமாறி நிற்பதைவிட, குரல் சொல்லும் திருப்பத்தில் திரும்புவது நல்லது. வேறுபாடு ஒன்றே ஒன்று. இவற்றுள் முதல் வகை, கவனம் தவறும் என்று ஒப்புக்கொண்டு உதவிக்கு வருகிறது. வரைபடமும் புறப்படும் முன்பே இடத்தைப் பதிந்துவிட்டால் அந்த வகையில்தான் சேரும். இரண்டாவது வகை, கவனம் எல்லையற்றது என்று பாவித்து அதில் பங்கு கேட்கிறது. ஒரே முகப்பில் இரண்டும் மினுங்குவதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

எனவே நாம் கேட்பது ஓட்டுநரிடம் இன்னும் கொஞ்சம் விழிப்பை அன்று. சில ஏற்பாடுகளை. முதலாவது, விருதுநகர் மாவட்டத்தின் லாரி அலுவலகங்களும் பட்டாசு நிறுவனங்களும் ஆள் ஏற்றும் வேன்களின் உரிமையாளர்களும், ஓடும் வண்டியின் ஓட்டுநரை அழைப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாட்டை ஏற்கலாம். வண்டி எங்கே இருக்கிறது என்று அறிய ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. ஓட்டுநரின் வாயால் கேட்க வேண்டியதில்லை. ஆலை வாயிலில் செல்பேசியை விலக்கி வைக்கத் தெரிந்த ஒரு தொழிலுக்கு இது புதிய ஒழுக்கமன்று. பழைய ஒழுக்கத்தை வாயிலுக்கு வெளியே நீட்டுவது மட்டுமே. இரண்டாவது, விபத்து விசாரணையில் அந்த நிமிடத்தின் அழைப்புப் பதிவைக் கேட்டுப் பெறுவது வழக்கமாக வேண்டும். சென்னை ஐஐடி உருவாக்கத்தில் பங்கேற்ற ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் தமிழ்நாட்டில் 2021 முதல் பயன்பாட்டிற்கு வந்திருக்கிறது. ‘அஜாக்கிரதை’ என்று எழுதிய கை, எதனால் என்பதையும் அங்கே எழுதட்டும். அழைத்தவர் தொழில்முறை மேலாளராக இருந்தால் அவரையும் கேட்கட்டும். மூன்றாவது, ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பு, திசைகாட்டி விளக்கு, ஒலிப்பான், மழைத் துடைப்பான் போன்ற அடிப்படைச் செயல்களுக்குத் தனிப் பொத்தான்களோ நெம்புகோல்களோ இல்லாத கார்களுக்கு முழு மதிப்பெண் தருவதில்லை என்று 2026 முதல் முறையை மாற்றியிருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய நம்முடைய பாரத் மதிப்பீட்டு முறையும் திரையின் கவனக்கேட்டை அளக்க வேண்டும். காருக்குள் இருப்பவர் மோதலில் பிழைப்பாரா என்பது முக்கியம்தான். மோதலே நேராமல் இருப்பது அதைவிட முக்கியம், வெளியே நடப்பவருக்குக் காற்றுப்பை கிடையாது என்பதால்.

திருக்குறளில் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. மறவாமை, அயராமை என்று உரைகாரர்கள் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். மகிழ்ச்சியின் மிகுதியில் வரும் மறதி, அளவு கடந்த சினத்தைக் காட்டிலும் தீங்கானது என்ற கருத்தோடு அது தொடங்குகிறது. பாடலும் படமும் அரட்டையும் வண்டிக்குள் வந்துவிட்ட காலத்தில் அந்தத் தொடக்கம் நமக்காகவே வைத்தது போலிருக்கிறது. ஆனால் நாம் பெரிதும் கருத வேண்டியது அந்த அதிகாரம் இருக்கும் இடத்தை. அது தனிமனித ஒழுக்கம் பேசும் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், அரசியலில், செங்கோன்மைக்கு முந்தைய அதிகாரமாக இருக்கிறது. அயராமை ஆள்பவனுக்குச் சொல்லப்பட்டது. பலருடைய உயிரை ஏற்பாடு செய்யும் இடத்தில் இருப்பவர் மறக்கலாகாது என்பதே அதன் பொருளாக நமக்குப் படுகிறது. ஆடி மாதம் இருக்கன்குடிக்கு நடப்பவர் தமக்குப் பின்னால் வரும் வண்டியின் ஓட்டுநரை மட்டும் நம்பி நடக்கவில்லை. அந்த வண்டியைச் செய்தவரையும், அதற்கு உரிமம் தந்தவரையும், அதன் ஓட்டுநரை அந்த நேரத்தில் அழைக்கக்கூடியவரையும் சேர்த்தே நம்பி நடக்கிறார். அடுத்த முறை அந்தத் தொடரை எழுதும்போது, அஜாக்கிரதை என்ற சொல்லுக்கு முன்னால் இவர்களுக்கும் இடம் விட வேண்டும்.